ஊராட்சி வார்டு தேர்தல்: ஊருக்குத் தொந்தரவு கொடுக்காமல் ஓட்டுக் கேட்பது எப்படி?

வேப்பமரத்தடி (கேள்வி)

எங்கள் ஊராட்சியில் வார்டு உறுப்பினர் பதவிக்கு நிற்கலாம் என்று இருக்கிறேன். போன முறையே எங்களுடையது பெண்கள் வார்டு. ஓட்டு 420 சொச்சம், வீடு 150, தெரு மூன்று, அதோடு காலனி. எதிரில் நிற்கப்போகிறவர் என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன் மனைவி. எனக்கு ஓரகத்தி முறை, நாலு வீடு தள்ளி இருக்கிறார். ஓட்டு எண்ணி முடிந்த மறுநாளும் நாங்கள் ஒரே குழாயில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும், ஒரே கோயிலில்தான் பொங்கல் வைக்க வேண்டும்.

தேர்தல் வந்தால் ஊர் என்ன பாடு படும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் அலறும். ஒரே வீட்டுக்கு ஏழெட்டுத் தடவை கும்பலாகப் போவார்கள். எல்லாம் முடிந்த பிறகு "யார் போட்டார், யார் போடவில்லை" என்று வருஷக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இதெல்லாம் இல்லாமல், அதே சமயம் ஜெயிக்கிற மாதிரியும் ஓட்டுக் கேட்க முடியுமா? எத்தனை தடவை போகலாம், எந்த நேரத்தில், எத்தனை பேர், நோட்டீஸ் எத்தனை, உறவுக்காரர்களிடம் எப்படிக் கேட்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கண்மாய்க்கரை

முதலில் நாட்களை எண்ணிப் பாருங்கள். 2019-ல் முதல் கட்டத் தேர்தலுக்கு மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் டிசம்பர் 19. அதன் பிறகுதான் சின்னம் கையில் கிடைத்தது. 25-ஆம் தேதி மாலை 5 மணியோடு பிரசாரம் ஓய்ந்தது, 27-ஆம் தேதி ஓட்டுப்பதிவு. சின்னத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்கக் கிடைத்தது ஆறே நாள். அந்த ஆறு நாளுக்குள் எல்லாவற்றையும் திணிக்கப் பார்ப்பதால்தான் கும்பலும் கூச்சலும் வருகின்றன.

ஆகவே ஒரு வீட்டுக்கு இரண்டு தடவை போதும். முதல் தடவை சின்னம் வருவதற்கு முன்னால், வெறுங்கையோடு. "இந்த வார்டுக்கு நிற்கிறேன். நம்ம தெருவுல முதல்ல எது நடக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுக் காதைக் கொடுக்க வேண்டியதுதான். இரண்டாவது தடவை சின்னம் வந்த பிறகு, நோட்டீஸோடு. 150 வீடு, வீட்டுக்கு நாலு நிமிஷம் என்றால் மொத்தம் 10 மணி நேரம். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் வைத்தால் ஐந்து நாளில் முடியும், ஆறாவது நாள் பூட்டியிருந்த வீடுகளுக்கு. ஒரே நாளில் வார்டையே சுற்றி முடிக்கலாம் என்று கிளம்பினால் வீட்டுக்கு ஒன்றரை நிமிஷம்கூடத் தேறாது. அப்போது நீங்கள் பேசுவீர்கள், அவர்கள் பேச மாட்டார்கள்.

நேரம். காலையில் தண்ணீர் விடுகிற நேரத்தில் போகாதீர்கள். குடத்தை வைத்துவிட்டு வரிசையை விட்டு வந்து உங்களுக்குத் தலையாட்ட வேண்டியிருக்கும், மனசுக்குள் எரிச்சல்தான் இருக்கும். காட்டு வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் கிளம்புகிற ஏழு, எட்டு மணியும் ஆகாது. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை கண் அசருகிற நேரம். மாலை ஐந்திலிருந்து ஏழு, ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு, இவை இரண்டும்தான் ஊரில் பொதுவாக ஒத்துவரும். விளக்கு வைத்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வாசல் ஏறாதீர்கள். நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கே போய்ப் பேசுவது சுலபம் போலத் தெரியும், எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். அது அரசு வேலை நடக்கிற இடம். அங்கே நின்று கேட்டால், வேலை அட்டை உங்கள் கையில் இருக்கிறது என்கிற பயத்தைத்தான் கிளப்புவீர்கள்.

ஆள் கணக்கு: உங்களையும் சேர்த்து மூன்று பேர், அதில் ஒருவர் அந்தத் தெருவிலேயே குடியிருப்பவர். ஐந்து பேரைத் தாண்டினால் வீட்டுக்காரர் நாற்காலி தேட ஆரம்பிப்பார், டீ போடச் சொல்லி உள்ளே குரல் கொடுப்பார். அந்தச் சிரமத்தை நீங்கள் கொடுக்கக் கூடாது. திண்ணையோடு, வாசலோடு நில்லுங்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள். உள்ளே அழைத்தால் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

வாசல் நிலையில் வேப்பிலை செருகியிருந்தால் அம்மை கண்ட வீடு. அங்கே நிற்காமல் நகர்ந்துவிட வேண்டும், வெளியிலிருந்து குரல்கூடக் கொடுக்காதீர்கள். கேதம் விழுந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகலாம், ஓட்டுக் கேட்கப் போகக் கூடாது. போனால் உங்கள் ஆட்கள் சட்டையில் சின்னம் குத்தியிருக்கக் கூடாது. கருமாதி முடிகிற வரை அந்த வீட்டுப் பெயரைப் பட்டியலில் தள்ளி வையுங்கள். தேர்தல் அதற்குள் முடிந்துவிடும் என்றால் அந்த வீட்டில் கேட்காமலே விட்டுவிடுங்கள். பிள்ளை பெற்ற வீடு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிற வீடு, இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர் வீடு, இதெல்லாம் அந்தத் தெருக்காரருக்குத் தெரியும். அவரை அழைத்துப்போவதே இதற்காகத்தான்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கதவு எண், எப்போது வீட்டில் இருப்பார்கள், என்ன குறை சொன்னார்கள் என்று மூன்று கட்டம் போதும். யாருக்கு ஓட்டுப் போடுவார்கள் என்கிற கட்டம் வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். 420 ஓட்டு உள்ள வார்டில் அந்த நோட்டு எப்படியாவது வெளியே போகும். போனால் நாற்பது குடும்பத்துக்கு நடுவே பகை மூட்டிவிடும், அதை யாராலும் திரும்பச் சரிசெய்ய முடியாது. அதே காரணத்துக்காகத்தான் "உங்க ஓட்டு எனக்குத்தானே?" என்று வாயைப் பிடுங்கவும் கூடாது. ஆமாம் என்று பொய் சொல்ல வைக்கிறீர்கள், பிறகு அந்தப் பொய் அவரையும் உங்களையும் தூரமாக்கும்.

ஆலமரத்து நிழல்

ஒலிபெருக்கியையும் நோட்டீஸையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

150 வீட்டு வார்டுக்கு ஒலிபெருக்கி தேவையே இல்லை. ஒரு தெருமுனையில் வைத்தால் நாலு தெருவுக்கும் கேட்கும், ஒருவர் மனசிலும் நிற்காது. தலைவர் பதவிக்கு நிற்பவரின் ஆட்டோவில் உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்கிறோம் என்று வருவார்கள். ஒத்துக்கொண்டால் அந்த ஆட்டோ செய்கிற எல்லாத் தொந்தரவும் உங்கள் பெயரிலும் எழுதப்படும், செலவிலும் உங்கள் பங்கு ஏறும். யோசித்துச் செய்யுங்கள்.

வைத்தே ஆக வேண்டும் என்றால் விதி இதுதான். போலீஸ் அனுமதி எழுத்தில் வேண்டும். ஒலி மாசு விதிகள் 2000-ன்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல்தான் வரம்பு. அது இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்கிற சத்தத்துக்குக் கிட்டத்தட்ட. குழாய் ஸ்பீக்கர் இதைத் தாண்டாமல் ஓடியதாக நான் நினைக்கவில்லை. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. சட்டம் 6 மணியிலிருந்து விட்டாலும் நீங்கள் காலை 9-க்கு முன்னும் மாலை 7-க்குப் பின்னும் போடாதீர்கள். பதிவு செய்த குரலை விடாமல் சுற்ற விடுவதுதான் ஊரை வெறுக்க வைப்பது. ஒரு முனையில் நிறுத்தி, 30 விநாடி நேரடியாகப் பேசி, அணைத்துவிட்டு அடுத்த முனைக்குப் போகச் சொல்லுங்கள். பெட்டி ஸ்பீக்கர் ஒன்று, ஆள் உயரத்துக்குக் கீழே, தெருவின் நீளவாக்கில். குழாயை உயரத்தில் கட்டினால் சத்தம் ஓட்டே இல்லாத பக்கத்து ஊருக்கும் போகும்.

நோட்டீஸ்: சின்னம் வருவதற்கு முன்னால் அச்சடிக்காதீர்கள், மறுபடி அடிக்க வேண்டிவரும். 200 பிரதி போதும். வீட்டுக்கு ஒன்று, மிச்சம் டீக்கடைக்கும் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கும். பலர் 2,000 அடித்துத் தெருவில் வாரி இறைப்பார்கள். அதைப் பெருக்குவது தூய்மைக் காவலர், அவரும் உங்கள் ஓட்டர்தான். நோட்டீஸில் அச்சகத்தின் பெயர், வெளியிடுபவர் பெயர், பிரதி எண்ணிக்கை மூன்றும் இருக்க வேண்டும். எழுத்து பெரிதாக இருக்கட்டும், வயசானவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்கு. ஒரு பக்கம் உங்கள் பெயர், வார்டு எண், சின்னம். மறுபக்கம் எல்லோருக்கும் பயன்படுகிற விவரம்: ஓட்டுப்பதிவு நாள், நேரம், எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த அறை, எந்தச் சீட்டு எதற்கு. 2019-ல் ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். ஒரே நேரத்தில் நாலு சீட்டைக் கையில் வாங்கினால் குழம்புவது சகஜம். யாருக்குப் போட்டாலும் சீட்டு செல்லாமல் போகக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிற வேட்பாளரை ஊர் மறக்காது.

சுவர்: பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1959-லிருந்தே இருக்கிறது. பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி, பாலம், மின்கம்பம் எதிலும் ஒட்டாதீர்கள். தனியார் சுவர் என்றால் வீட்டுக்காரரிடம் எழுதி வாங்க வேண்டும். வாய்வார்த்தையாக "ஒட்டிக்கப்பா" என்று சொன்னவர், எதிர்த்தரப்பு கேட்கும்போது தெரியாது என்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவரும் அந்தத் தெருவில்தானே வாழ வேண்டும். மைதாப் பசை போட்டு ஒட்டிய தாளை மாடு கிழித்துத் தின்னும் என்பதையும் நினைவில் வையுங்கள். பிளாஸ்டிக் கொடிக்கு 2019 ஜனவரி 1-லிருந்து தமிழ்நாட்டில் தடை. பேனர் வேண்டவே வேண்டாம். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிர் போனது எல்லோருக்கும் தெரியும். வார்டு உறுப்பினருக்குப் பேனர் வைத்து ஆவதொன்றும் இல்லை.

தெற்குத் தெரு

கண்மாய்க்கரை சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று நினைத்துச் சில வீடுகளை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. நம் ஊர்களில் அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. "எங்க வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேக்கல" என்பதைப் பத்து வருஷம் சொல்லிக் காட்டுவார்கள். கேட்பது தொந்தரவு இல்லை, கேட்கிற முறையில்தான் எல்லாம் இருக்கிறது. கேதம் விழுந்த வீட்டைக்கூட அப்படியே விட்டுவிடாதீர்கள். அந்த வீட்டுப் பெரியவரின் தம்பியோ மருமகனோ வெளியில் எங்காவது கண்ணில் பட்டால், "இந்த நேரத்துல வீட்டுக்கு வரக் கூடாதுன்னுதான் வரல" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஓரகத்தி வீட்டுக்கும் போங்கள், முதல் நாளே, முதல் வீடாக. ஓட்டுக் கேட்க வேண்டாம். "நானும் நிக்கிறேன் அக்கா, அவுங்கவுங்க பாட்டைப் பாப்போம். நம்ம ஆளுக எதாச்சும் தப்பாப் பேசினா எனக்கு உடனே சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவர் வயதில் சின்னவர் என்றால் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டே சொல்லலாம். முடிந்தால் இரண்டு பேரும் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளலாம்: ஒரே நாளில் ஒரே தெருவுக்குப் போவதில்லை, ஒருவர் வீட்டுச் சுவரில் மற்றவர் ஒட்டுவதில்லை, எண்ணிக்கை அன்று ஊருக்குள் வெடி போடுவதில்லை. இதைக் கடைப்பிடிப்பதால் யாருக்கும் ஒரு ஓட்டும் குறையாது.

பொதுச் சொந்தங்கள்தான் கஷ்டம். மாமியார், நாத்தனார், இரண்டு வீட்டுக்கும் மொய் செய்கிறவர்கள். அவர்களை உங்களோடு வீடு வீடாகக் கூட்டிப்போகாதீர்கள். கூட நடந்தாலே ஒரு பக்கம் சாய்ந்தவர் ஆகிவிடுவார்கள். அவர்களிடம் ஒரு தடவை கேட்டுவிட்டு, "நீங்க யாருக்குப் போட்டாலும் நான் எதுவும் நினைக்க மாட்டேன்" என்று சொல்லுங்கள். சொன்ன பிறகு மறுபடி அந்தப் பேச்சே எடுக்காதீர்கள்.

வேப்பமரத்தடி

ரொம்ப உபயோகமாக இருக்கிறது. இன்னும் மூன்று விஷயம். ஒன்று, போகிற இடத்தில் ஆரத்தி எடுப்பார்கள், தட்டில் பணம் போடாவிட்டால் தப்பாக நினைப்பார்களே. இரண்டு, எங்கள் பக்கம் சூடத்தில் சத்தியம் வாங்குகிற பழக்கம் உண்டு, என் ஆட்களே அதைச் செய்யலாம் என்கிறார்கள். மூன்று, எல்லோரும் பட்டா, முதியோர் பணம் என்று கேட்பார்கள். இதற்கெல்லாம் என்ன பதில் சொல்வது?

கிராம சபை

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். ஓட்டரிடம் காட்டுகிற மரியாதையில் முதலாவது, உங்களால் முடியாததைச் செய்கிறேன் என்று சொல்லாமல் இருப்பதுதான் என்பது என் எண்ணம்.

வார்டு உறுப்பினரின் அதிகாரம் சிறியது. மன்றக் கூட்டத்தில் பேசலாம், தீர்மானம் கொண்டுவரலாம், துணைத்தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் ஓட்டுப் போடலாம், வரவு செலவைக் கேள்வி கேட்கலாம். பணம் எடுக்கக் கையெழுத்து தலைவரும் துணைத்தலைவரும் போடுவது. தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், வாய்க்கால், தெருச் சாலை, சுடுகாட்டுப் பாதை, குப்பை, இவை ஊராட்சியின் வேலை. இவற்றுக்காக நீங்கள் போராட முடியும், "செய்வேன்" என்று தனியாகச் சொல்ல முடியாது. பட்டா வருவாய்த் துறை, தாலுகா அலுவலகம். முதியோர் உதவித்தொகையும் தாலுகாவில் உள்ள சமூகப் பாதுகாப்புத் தாசில்தாரிடம் போகிற விஷயம். ரேஷன் அட்டை உணவு வழங்கல் துறை. கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: "பட்டா என் கையில இல்ல பெரியம்மா. மனு எழுதித் தர்றேன், கூட வர்றேன், கெடைக்கும்னு மட்டும் சத்தியம் பண்ண மாட்டேன்." இந்தப் பதிலால் ஓட்டுப் போய்விடும் என்று பயப்பட வேண்டாம். அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே மூன்று பேர் பட்டா வாங்கித் தருவதாகச் சொல்லியிருப்பார்கள்.

மூன்றே வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், இடத்தோடு. "அடிப்படை வசதி" என்று எழுதாதீர்கள். "மேலத்தெரு கடைசியில் எரியாத இரண்டு கம்பம், காலனிக் குழாய்க்கு மாலையிலும் தண்ணீர், வாய்க்கால் தூர்" என்று எழுதினால் ஐந்து வருஷமும் உங்களைப் பிடித்துக் கேட்கலாம், அப்படிக் கேட்க வைப்பதுதான் நேர்மை. இன்னொன்றும் சொல்லலாம்: கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு தடவை கூட வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் முன்னால் தெருவுக்கு வந்து குறைகளை எழுதிக்கொள்வேன் என்பது பணமே இல்லாமல் காப்பாற்றக்கூடிய வாக்கு.

ஆரத்தித் தட்டு. ஓட்டருக்குப் பணம் கொடுத்தால் அது லஞ்சம், தட்டில் போட்டாலும் அப்படித்தான். அந்த இடத்தில் நின்று மறுத்தால் தட்டு ஏந்தி நிற்கிற பெண்ணுக்கு அவமானம். எனவே போவதற்கு முந்தின நாளே தெருக்காரர் மூலமாகச் சொல்லி அனுப்புங்கள், "ஆரத்தி, மாலை, சால்வை எதுவும் வேண்டாம்னு அவுங்களே சொல்லிட்டாங்க" என்று. அப்படியும் எடுத்துவிட்டால் குங்குமத்தைத் தொட்டு வைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டு நகருங்கள். ஒரு வீட்டில் போட்டு அடுத்த வீட்டில் போடாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

சத்தியம் வாங்கவே கூடாது. சாமி குத்தம் வந்துவிடும் என்று ஓட்டரை நம்ப வைப்பது தேர்தலில் தகாத செல்வாக்கு. பாரதிய நியாய சன்ஹிதா 171-ஆம் பிரிவில் இது குற்றமாகவே இருக்கிறது. 170-ஆம் பிரிவு லஞ்சம். சட்டத்தை விடுங்கள். சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தவர், மகனின் பேச்சைக் கேட்டு வேறு ஒருவருக்குப் போட்டுவிட்டால், அடுத்து வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அதை நினைத்து நடுங்குவார். ஒரு வார்டு ஓட்டுக்காக ஒருவர் மனசில் அப்படி ஒரு பயத்தை விதைக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? உங்கள் ஆட்களிடம் இதை முதல் கூட்டத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

மோட்டார் போடுகிறவர், தூய்மைக் காவலர், மகளிர் குழுவின் தலைவி, இவர்களை வைத்துப் பிரசாரம் செய்யாதீர்கள். தண்ணீரும் கடனும் இவர்கள் கையில் இருப்பதால் ஜனங்கள் வேண்டாம் என்று சொல்லத் தயங்குவார்கள். குழுக் கூட்டம் தவணை கட்டுகிற நாள், அது ஓட்டுக் கேட்கிற இடம் இல்லை.

செலவு வரம்பு 2019-ல் வார்டு உறுப்பினருக்கு 9,000 ரூபாய், தலைவருக்கு 34,000. அடுத்த தேர்தலுக்கு மாநிலத் தேர்தல் ஆணையம் அறிவிக்கிற தொகைதான் செல்லும். முதல் நாளிலிருந்து டீச் செலவு உட்பட ரசீதோடு எழுதி வையுங்கள்.

செங்காந்தள்

பெண்கள் வார்டு என்பதால் இதைச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் கூட வரலாம், முன்னால் நடக்கக் கூடாது. அவர் பேச ஆரம்பித்தால் வீட்டிலுள்ள ஆண்கள் அவரோடு பேசுவார்கள், உள்ளே இருக்கிற பெண்கள் வெளியே வரவே மாட்டார்கள். தண்ணீர், விளக்கு, கழிவறை, ரேஷன் எல்லாவற்றையும் பற்றிச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். நீங்களும் இன்னும் இரண்டு பெண்களும் போங்கள். நோட்டீஸில் உங்கள் படம் மட்டும். ஓட்டுக் கேட்கிறவர் நீங்கள் என்றால் தொடர்பு எண்ணும் உங்களுடையதாக இருக்கட்டும்.

குடும்பத் தலைவரிடம் கேட்டுவிட்டால் வீட்டு ஓட்டு ஐந்தும் வந்துவிடும் என்று எண்ணாதீர்கள். "மாமா சொல்லிட்டாருல்ல" என்று மருமகளிடம் சொல்லவே கூடாது. அவருக்குத் தனி ஓட்டு உண்டு, அதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும்.

காலனிக்குப் போவதைப் பற்றிச் சிலர் எழுத மாட்டார்கள், ஆகையால் நேராகவே எழுதுகிறேன். ஊர்த் தெருவில் வீடு வீடாகக் கேட்டுவிட்டு, காலனியில் மட்டும் எல்லோரையும் ஒரு மரத்தடிக்கு வரச்சொல்லிப் பேசிவிட்டு வருவது இன்றும் நடக்கிறது. கடைசி நாள் இரவில் போவதும் நடக்கிறது. இரண்டும் அவமரியாதை. மேலத்தெருவில் எத்தனை நிமிஷமோ அதே நிமிஷம், அதே வெளிச்சத்தில், ஒவ்வொரு வீட்டு வாசலிலும். உட்காரச் சொன்னால் உட்காருங்கள், தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள். குடிப்பதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். படம் பிடித்தால், சாதாரணமாகச் செய்ய வேண்டியதைச் சாதனையாகக் காட்டுகிறீர்கள் என்று ஆகிவிடும். பெரியவர்களை ஐயா, அம்மா என்றே கூப்பிடுங்கள், வயசுக்குக் கொடுக்கிற மரியாதை தெருவுக்குத் தெரு மாறக் கூடாது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் 1996-ல் தனித்தொகுதி ஆன பிறகு பத்து வருஷம் முறையாகத் தேர்தலே நடத்த முடியாமல் கிடந்து, 2006-ல்தான் நடந்தது. ஓட்டுக் கேட்கவும் ஓட்டுக்கு நிற்கவும் எல்லாத் தெருவிலும் எல்லோராலும் நடக்க முடிந்தது எத்தனை சமீபத்தில் என்பதை நினைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குள் போங்கள்.

ஊர்க் கூட்டம் போட்டு "ஒருத்தர் விட்டுக்கொடுங்க, கோயிலுக்கு இவ்வளவு கட்டுங்க" என்று பதவியை ஏலம் விடப் பார்த்தால் அதில் உட்காராதீர்கள். மனுவை வாபஸ் வாங்கச் சொல்லி ஓரகத்தியை அழுத்தவும் யாரையும் அனுப்பாதீர்கள்.

வாட்ஸ்அப்: கேட்காமல் யாரையும் குழுவில் சேர்க்காதீர்கள். சேர்த்துவிட்டால் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் போய்விடும், பெண்களுக்கு அதனால் வருகிற தொல்லை உங்களுக்குத் தெரியும். சொல்ல வேண்டியதைத் தனித்தனியாக, விருப்பம் சொன்னவர்களுக்கு மட்டும், மொத்தத் தேர்தலுக்கும் இரண்டு செய்தி. திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்ப்பவர்களுக்கு ஓட்டுப்பதிவு நாளைச் சொல்லி ஒரு தடவை போன் போடலாம். பஸ் காசு அனுப்புகிறேன் என்று சொல்லக் கூடாது.

கண்மாய்க்கரை

ஓட்டுப்பதிவு நாளைப் பற்றியும் அதற்குப் பிறகு செய்ய வேண்டியதைப் பற்றியும் யாரும் எழுதவில்லை.

ஓட்டுப்பதிவு முடிகிற நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் பிரசாரம் கிடையாது. அந்த இரண்டு நாளும் வீடுகளுக்குப் போகாதீர்கள், "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றுகூட வேண்டாம். பணம் கைமாறுகிற நேரம் அது. நீங்கள் கொடுக்காவிட்டாலும் கொடுக்க வந்ததாகப் பேச்சு வரும். மற்றவரிடம் பணம் வாங்கியவரைக் கேள்வி கேட்காதீர்கள், ஏளனமாகப் பேசாதீர்கள். "வாங்கினது உங்க விஷயம், ஓட்டு ரகசியம், மனசுக்குப் பட்டதைப் போடுங்க" என்று முந்தைய சந்திப்பிலேயே சொல்லி வைப்பது ஒன்றுதான் வழி.

அன்றைக்குச் சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது. கும்பிட்டபடி வாசலில் நிற்பதும் கேட்பதுதான். வண்டி வைத்து ஓட்டர்களை ஏற்றி இறக்குவது விதிமீறல். நடக்க முடியாதவரை அவர் வீட்டாரே கூட்டி வரட்டும். ஓட்டுப் போட்டு வருகிறவரிடம் "எப்படி?" என்று கண்ணால்கூடக் கேட்காதீர்கள். சின்ன வார்டில் அந்த ஒரு பார்வையே ஓட்டு ரகசியத்தைக் கலைத்துவிடும். ஏஜென்டாக உட்காருகிறவரிடமும் சொல்லுங்கள், யார் யார் வரவில்லை என்று பட்டியல் போட்டு மதியத்தில் வீட்டுக்கு ஆள் அனுப்பக் கூடாது.

எண்ணிக்கை முடிந்ததும்தான் பெரிய ஆபத்து. 420 ஓட்டில் உங்களுக்கு 190 விழுந்தது என்றால், உடனே இருக்கிற ஆட்கள் கணக்குப் போட ஆரம்பிப்பார்கள்: "மேலத்தெருவுல அறுபது சொன்னாங்க, நாப்பதுதான் வந்திருக்கு, அப்ப யாரு..." அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். உட்கார்ந்து கேட்டால் நீங்களும் அந்தக் கணக்கில் பங்கு. வெற்றி என்றால் தோற்றவர் வீட்டு வழியாக ஊர்வலம் வேண்டாம், மேளமும் வெடியும் வேண்டாம். தோல்வி என்றால் அன்று மாலையே ஓரகத்தி வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள், நாள் கடந்தால் கால் வராது.

ஒரு வாரத்துக்குள் ஒட்டிய தாள்களைத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துச் சுரண்டி எடுத்து, சுவர் கொடுத்தவர் கேட்டால் அந்த இடத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்துக் கொடுங்கள். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஜெயித்தவர், தோற்றவர் இருவருக்கும் இது உண்டு. தோற்றவர்கள் பலர் கொடுக்காமலே விட்டுவிட்டு, மூன்று வருஷம் எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாமல் தகுதி இழக்கிறார்கள். ஓரகத்திக்கும் இதை ஞாபகப்படுத்திவிடுங்கள்.